சன்னலோரக் கம்ப்யூட்டர்

யாராவது காத்திருப்பதைச் சித்தப்பாவால் பார்க்க முடியாது. பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் இவருக்குக் கால் தரிக்காது. எங்கள் வீட்டில் எல்லாரும் தட்டோடு உட்கார்ந்தபின் அடுப்படியிலிருந்து குழம்பு வரத் தாமதமானால், “அண்ணி, நீங்க மெதுவா வாங்க, நாங்க வெறும் சோத்த ஆரம்பிக்கறோம்” என்று சொல்லிவிட்டு நிஜமாகவே ஆரம்பித்துவிடுவார்.

“இவனுக்குக் கல்யாணம் ஆகாததுக்குக் காரணமே இதுதான்” என்பார் அப்பா. “பொண்ணு வீட்டுல யோசிச்சுச் சொல்றோம்னாங்க. யோசிக்கற அளவுக்கு இருந்தா வேண்டாம்னு இவனே எழுந்து வந்துட்டான்.”

“அவங்கள எதுக்கு வீணா யோசிக்க வெக்கணும்?” என்பார் சித்தப்பா, வாயில் சோற்றோடு.

அப்பாவுக்கு ஒரே தம்பி. பேட்டரிக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, மேல்மூடி கழற்றிய இரண்டு கம்ப்யூட்டர்கள், கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே ஒரு வாளி. கட்டிலில் பாதி அவருக்கு, பாதி வயர்களுக்கு. சாப்பாடு எங்கள் வீட்டில். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அம்மா அடுத்த வேளைக்கும் சேர்த்து, “நாளைக்குச் சீக்கிரம் வா தம்பி” என்பார். அவர் வேலைக்கென்று ஒரு இடத்துக்குப் போனதில்லை. மருந்துக் கடை, வாடகை நூலகம், பல் டாக்டர் என்று சின்ன இடங்களுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்துப் பிழைத்தார்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது துணிக்கடைதான். மூன்று மாடிக் கடை. கீழே அடுக்க இடமில்லாத துணிகளை மாடியில் வைத்துவிட்டு, அவற்றின் படங்களைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரில் காட்டுவார்கள். கம்ப்யூட்டர்கள் பழசு. ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழே வரிவரியாக இறங்கும். துணி வாங்க வந்தவர்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சித்தப்பா தனக்குச் சட்டைத்துணி எடுக்கத்தான் அங்கே போனார். சட்டைத்துணி எடுக்காமல் முதலாளியிடம் போய், “இத என்னால பாக்க முடியல, நான் சரி பண்ணித் தரேன்” என்றாராம்.

அவர் செய்தது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். படங்களைக் கம்ப்யூட்டர் மடித்துத்தான் வைத்திருக்கும். காட்டச் சொல்லும்போது பிரித்து, திரையின் அளவுக்குச் சுருக்கி, பிறகு காட்டும். மறுபடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து அதே வேலை. பழைய கம்ப்யூட்டருக்கு இதிலேயே மூச்சு முட்டிவிடும். சித்தப்பா, ஒரு படத்தை முதல்முறை பிரித்தவுடன், திரையில் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே, மடிக்காமல், கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் வட்டில் எழுதி வைத்துவிட்டார். எல்லாப் படங்களும் ஒரே அளவு. ஒரே ஒரு பெரிய கோப்பு, அதற்குள் வரிசையாக அறைகள். பத்தாம் எண் துணிக்குப் பத்தாவது அறை. தேடவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம், அப்படியே எடுத்துத் திரையில் வைத்தால் போதும். மற்றவர்கள் இதைக் கேஷ் என்பார்கள். சித்தப்பா அலமாரி என்றார்.

அதோடு விடவில்லை. நாம் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த எண்ணின் படம் அலமாரியில் ஏறித் தயாராக இருக்கும். ஒருமுறை ஏறிய படத்தைப் பற்றி படங்களை வைத்திருக்கும் நடு இயந்திரத்திடம் மறுபடி விசாரிக்காது, ஏனென்றால் விசாரிக்கவும் நேரம் பிடிக்கும். துணிக்கடையில் அதற்கு அவசியமும் இல்லை. ஒரு துணிக்கு ஒரு எண். துணி தீர்ந்தால் எண்ணும் தீர்ந்தது. அலமாரியைக் காலி செய்ய ‘புதிதாகத் தொடங்கு’ என்று ஒரு பட்டன் வைத்தார். அதுகூட எதையும் அழிக்காது. அறைகளெல்லாம் காலி என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்த படம் வந்து மேலே எழுதினால் பழசு தானாகப் போய்விடும், அதற்கு முன்னால் உட்கார்ந்து அழித்துக்கொண்டிருப்பது வெட்டி வேலை என்பது அவர் கணக்கு.

முதல்முறை ஓடவிட்டபோது முதலாளி மவுஸை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாராம். துணிகள் சீட்டுக்கட்டைப் போலப் பறந்தன. “யோவ், நீ ஆளா மின்னலா?” என்றார். அன்றிலிருந்து கடையில் சித்தப்பாவுக்கு மின்னல் என்றே பெயர்.

அந்த வருஷம் ஆறு கரையை உடைத்தது.

அப்பா ஆற்றோரம் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டுபவர். மதியம் ஃபோன் செய்து, “பம்ப நிறுத்திட்டு வந்துடறேன், நீங்க மாடிக்குப் போங்க” என்றார். நாங்கள் பக்கத்து வீட்டு மாடிக்குப் போனோம். தண்ணீர் வந்தது. அப்பா வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் கிடைத்த உடல்களைச் சந்தையின் குளிர்சாதனக் கிடங்கில் வைத்தார்கள். காய்கறிப் பெட்டிகளில் மாட்டுகிற எண் போட்ட தகர வில்லைகளை உடல்களின் கழுத்தில் மாட்டினார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. கல்யாணங்களுக்குப் படம் பிடிக்கிற போட்டோக்காரர் ஒருவர் ஒவ்வொரு உடலையும் படம் எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்து ஹாலில் அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்து, தங்கள் ஆளை அடையாளம் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இருந்தவை மூன்று பழைய கம்ப்யூட்டர்கள். படங்களை வாங்கி வைத்திருந்த அரசாங்கக் குமாஸ்தாவின் லேப்டாப்பிலிருந்து ஒவ்வொரு படமும் வந்து இறங்குவதற்குள் வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நெற்றி, பிறகு மூடிய கண், பிறகு மூக்கு என்று வரிவரியாக. அப்பாவைத் தேடி அங்கே போன சித்தப்பா அதைப் பார்த்தார். அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அறைக்கு ஓடிப்போய்த் துணிக்கடைப் புரோகிராமை எடுத்துவந்து மூன்றிலும் போட்டார்.

சன்னலோரம் இருந்த கம்ப்யூட்டரில்தான் முதலில் போட்டார். அன்று முழுக்க ஆட்கள் அதில்தான் பார்த்தார்கள். மறுநாள் காலைக்குள் அதன் அலமாரி நிறைந்து, படங்கள் தடையில்லாமல் ஓடின. மற்ற இரண்டிலும் இன்னும் அங்கங்கே நின்றது. சித்தப்பா வாசலில் நின்றுகொண்டு, வயசானவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் நிற்க முடியாதவர்களையும் பார்த்துப் பார்த்துச் சன்னலோரம் அனுப்பினார். திரையின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. படம் ஓடுகிறதா என்று காதால் கேட்டாரே தவிர, படத்தைப் பார்க்கவில்லை. தன் அண்ணனைத் தானே முதலில் பார்த்துவிடுவோமோ என்று பயம்.

அன்று காலையில்தான் அம்மாவும் நானும் போனோம். அம்மா வாசல் பக்கக் கம்ப்யூட்டரில் காலியாக இருந்த நாற்காலியில் உட்காரப் போனார்.

“அண்ணி, அது வேணாம்” என்று சித்தப்பா ஓடிவந்தார். “அது நின்னு நின்னு வரும். ஒவ்வொரு மூஞ்சியும் வரிவரியா இறங்கறத நீங்க பாக்க வேணாம். இந்தப் பக்கம் உக்காருங்க. இது ஓடிடும்.”

அம்மா சன்னலோரம் உட்கார்ந்தார். மவுஸ் அம்மாவின் கையில் இருந்தது. சித்தப்பா முதுகைக் காட்டிக்கொண்டு சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அம்மா ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். நான் அம்மாவின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி எண் வந்ததும் அம்மா மவுஸை விட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“என்ன அண்ணி?”

“இல்ல தம்பி. அவரு இதுல இல்ல.”

சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துபோய் எங்கள் மூன்று பேருக்கும் தேநீர் வாங்கிவந்தார். அம்மா அதை முழுசாகக் குடித்தார். தண்ணீர் வந்த நாளிலிருந்து அம்மா முழுசாகக் குடித்த முதல் தேநீர் அதுதான். அன்று சாயங்காலம், அடையாளம் தெரியாத உடல்களையெல்லாம் சுடுகாட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். குழி வெட்டுகிறார்கள் என்று யாரோ சொன்னபோது, “பாவம், யாரு பெத்த பிள்ளைங்களோ” என்றார் அம்மா.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நம்பிக்கையே வேலையானது. தலையில் அடிபட்டு நினைவு தப்பியிருக்கும், ஏதாவது ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லத் தெரியாமல் கிடப்பார் என்று அம்மா முடிவு செய்தார். சித்தப்பா விடுமுறையே இல்லாமல் ஊர் ஊராக ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார். யாராவது உறவுக்காரர் தயங்கி இழுத்து, “எதுக்கும் மனசத் தயார் பண்ணிக்கங்க” என்றால், சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். “அண்ணி அத்தன படமும் பாத்தாச்சு. நான் எழுதின புரோகிராம், ஒரு படத்த விட்டிருக்காது” என்பார். அம்மா அலமாரியிலிருந்து அப்பாவின் சட்டைகளை எடுத்து, யாரும் போடாமலே, வாரா வாரம் துவைத்துக் காயப்போட்டார். நாட்பட்டால் மடிப்பில் கறை விழுந்துவிடும் என்று காரணம் சொன்னார்.

ஒரு மத்தியானம் சித்தப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துணிக்கடை முதலாளி ஃபோன் செய்தார். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார்.

“யோவ் மின்னல், உன் அலமாரிக்கு வயசாயிடுச்சா? கோடு போட்டதக் காட்டுன்னா பூப்போட்டதக் காட்டுது. ஒரு அம்மா சண்டைக்கே வந்துட்டாங்க.”

“எந்த நம்பர்?”

“எல்லாம் புது சரக்குதான். என் பையன் இருக்கானே, பெரிய மேதாவி, தீர்ந்துபோன துணி நம்பரையே புதுசுக்குப் போட்டுட்டான். நம்பர எதுக்கு வீணாக்கணும்ங்கறான்.”

சித்தப்பா சிரித்தார். “அப்படிப் போட்டா அது எப்படிக் காட்டும்? அது கிட்ட முன்னாடி ஏறின படம்தானே இருக்கும். நம்பர் அதேதான்னா போய்க் கேக்காது. அந்தப் புதுசா தொடங்கு பட்டன…”

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. கையில் பிசைந்த சோறு இருந்தது.

“ஹலோ? என்னய்யா, மின்னல் அணைஞ்சிடுச்சா?” என்றார் முதலாளி. சித்தப்பா ஃபோனைத் தரையிலேயே விட்டுவிட்டு, சோற்றைத் தட்டில் வைத்தார். கை கழுவாமல் எழுந்து, செருப்பைக் கூட மாட்டாமல் தெருவில் இறங்கினார்.

“என்னாச்சு சித்தப்பாவுக்கு? போய்ப் பாரு” என்றார் அம்மா.

அவரைத் தெருமுனையில்தான் பிடித்தேன். பாதி ஓட்டமாகப் போய்க்கொண்டிருந்தார். நான் கேட்காமலே துண்டு துண்டாகச் சொன்னார். கிடங்கில் வில்லைகள் கொஞ்சம்தான் இருந்தன. ஒரு உடலை உறவுக்காரர்கள் எடுத்துப்போனால், அதன் வில்லையைக் கழற்றி அடுத்து வந்த உடலுக்கு மாட்டினார்கள். புது உடல், புதுப் படம், பழைய எண். அதைக் குமாஸ்தா அப்போதே அவரிடம் சொல்லியிருக்கிறார். வில்லை போதவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருக்கிறார். இவரும் ‘உம்’ கொட்டியிருக்கிறார்.

“சன்னலோரத்துக் கம்ப்யூட்டர்ல முதல் நாள் மூஞ்சிங்க ஏறிடுச்சு. மறுநாள் அதே நம்பர்ல வேற ஆள் வந்தா அது காட்டாது. பழைய மூஞ்சியத்தான் காட்டும். அதான் அவ்ளோ வேகம்.” மூச்சு வாங்கியது. “பாவப்பட்டவங்களாப் பாத்து அதுலதான் நான் உக்கார வெச்சேன்.”

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் அவை மூன்றும் இருந்தன. நடுவில் இருந்தது மழையில் நனைந்து, வட்டோடு சேர்ந்து எப்போதோ உயிரை விட்டிருந்தது. சன்னலோரத்தது மூலையில் துணி மூடிக் கிடந்தது. வாசல் பக்கம் இருந்ததில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் மவுஸை அமுக்க, சுவரில் பெரிதாக விலங்குகள் வந்தன. பிள்ளைகள் கூவினார்கள்.

“இது என்ன?”

“கரடி!”

திரையின் மூலையில் எண் தெரிந்தது. சித்தப்பாவின் புரோகிராம்தான்.  பழைய எண்களில் ஏறிய புது முகங்கள் மிச்சமிருக்கக்கூடிய ஒரே இடம் அந்த வாசல் பக்கத்து அலமாரி. அதில் ஒவ்வொரு அறையாக விலங்குகள் ஏறிக்கொண்டிருந்தன.

“டீச்சர், நிறுத்துங்க!”

டீச்சர் திரும்பினார். விரல் பழக்கத்தில் இன்னொரு தடவை அமுக்கியது. நாற்பது என்று எண் வந்தது, ஒட்டகம் வந்தது. சித்தப்பா பிள்ளைகளைத் தாண்டிப் பாய்ந்து, சுவிட்சைக்கூடத் தேடாமல், சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார்.

பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. “சார்! சொல்லிட்டு எடுக்கக்கூடாதா?” என்றார் டீச்சர். விஷயம் தெரிந்ததும் அவருக்கும் குரல் இறங்கிவிட்டது. “முதல்ல திறந்தப்போ ஒரு மூஞ்சி வந்துச்சு சார். கத்திட்டேன். புதுசா தொடங்குன்னு இருந்துச்சு, அமுக்கிட்டேன். அப்புறம் எதுவும் வரல. போயிடுச்சுன்னு நெனச்சேன்.”

“போகல. மேல எழுதற வரைக்கும் போகாது” என்றார் சித்தப்பா. ஆனால் வயர் கையில் இருக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. நாற்பது திரையில் இருந்தால், நாற்பத்தொன்று பின்னால் ஏறிக்கொண்டிருந்திருக்கும். யாரும் காத்திருக்கக் கூடாதென்று அவரே அப்படித்தான் எழுதியிருந்தார்.

வேறு எங்கும் படங்கள் இல்லை. குமாஸ்தாவின் லேப்டாப் வாடகைக்கு எடுத்தது. திருப்பிக் கொடுத்ததும் கடைக்காரர் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டார். போட்டோக்காரர் கேமரா அட்டையை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டார். “அத வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? வீட்டுல வெச்சுக்கவே பயமா இருந்துச்சு” என்றார். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

அன்று சாயங்காலம் சித்தப்பா அடுப்படி நிலைப்படியில் நின்று அம்மாவிடம் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“அப்ப நான் அன்னிக்குப் பாத்தது?”

“சிலது பழசு அண்ணி. அப்பவே வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போயிட்ட ஆளுங்க.”

“எது பழசு?”

“தெரியல.”

அம்மா களைந்த தண்ணீரை மெதுவாகக் கொட்டினார். ஓர் அரிசி கூடக் கீழே விழவில்லை. “சரி, காட்டு” என்றார்.

மறுநாள் இரண்டு வட்டுகளையும் தன் அறையில் கம்ப்யூட்டரில் மாட்டிவைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். அம்மா கட்டிலில் வயர்களைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். வாசல் பக்கத்து அலமாரியில் முதல் நாற்பது அறைகளில் விலங்குகள் இருந்தன. அவற்றுக்கு அடியில் இருந்த முகங்கள் போனது போனதுதான். நாற்பத்தொன்றைத் தாண்டி, மிச்சமிருந்த முகங்களை முதலில் காட்டினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார், இல்லை, இல்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் சித்தப்பா நாற்பத்தொன்றுக்கு வந்தார்.

படத்தின் மேல் பாதியில் நீல வானம், அதில் ஒட்டகச்சிவிங்கியின் தலை, இலையைக் கடித்தபடி. சரியாக நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒரு மனிதனின் தாடை, கழுத்து, வெள்ளைச் சட்டை, நெஞ்சின் மேல் தகர வில்லை.

அம்மாவிடமிருந்து சிரிப்பைப் போல ஒரு சத்தம் வந்தது. பிறகு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். உள்ளங்கையை விரித்து ஒட்டகச்சிவிங்கியின் மேல் வைத்து மூடினார். கீழ்ப் பாதியை மட்டும் பார்த்தார். சட்டையில் எல்லாம் வெள்ளைப் பட்டன். மேலிருந்து இரண்டாவது மட்டும் கறுப்பு.

“என் ரவிக்கைப் பட்டன்” என்றார். “அன்னிக்கு அவசரத்துக்கு அதான் கெடச்சுது. யாரு பாக்கப் போறான்னு போட்டுட்டுப் போனாரு.”

கையை எடுத்துவிட்டுச் சித்தப்பாவின் பக்கம் திரும்பினார்.

“மேல இருக்கறத எடுத்துடு தம்பி.”

“எடுத்தா அடியில எதுவும் இல்ல அண்ணி. அது மேல எழுதியாச்சு.”

“கொஞ்சம் கூடவா?”

“பிடுங்கறதுக்குள்ள பாதி எழுதிடுச்சு. இன்னும் கொஞ்சம் முன்னாடி…” 

“சன்னலோரத்துல இந்த நம்பர்ல யாரு இருந்தாங்க?”

அதையும் காட்டினார். வெள்ளைத் தாடி வைத்த ஒரு கிழவர். தூங்குகிற மாதிரி இருந்தார்.

“இவர எனக்கு ஞாபகம் இருக்கு” என்றார் அம்மா. “யாரோட அப்பாவோன்னு நெனச்சேன். தேடி யாராவது வரணுமேன்னு வேண்டிக்கிட்டேன்.”

அரைப் படத்தை எடுத்துக்கொண்டு, இறப்புச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி கெட்டவர் இல்லை. படத்தைத் தலைகீழாகக் கூடத் திருப்பிப் பார்த்தார். “முகம் இல்லையேம்மா. பட்டன வெச்சு இறந்துட்டாருன்னு நான் எப்படி எழுதித் தரது?” என்றார். சித்தப்பா சன்னலோரக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னார். அதில் உட்கார்ந்த மற்றவர்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்றார்.

“சொல்லி?”

“தெரிஞ்சுக்கட்டும் சார். பாவம், இன்னும் தேடிட்டிருப்பாங்க.”

“தெரிஞ்சுக்கிட்டு வந்து உங்க கிட்ட நின்னா என்ன காட்டுவீங்க? கரடியையா?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.  ஆனாலும் பிறகு சித்தப்பா ஒவ்வொரு வீடாகப் போனார். சிலர் அடிக்க வந்தார்கள். ஒரு அம்மாள் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, “என் மகன் துபாய்ல இருக்கான்னு ஒருத்தர் சொன்னாரு, நீங்க சொல்றத நான் கேக்க மாட்டேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அதைச் சொன்ன நாளில் சித்தப்பா எங்கள் வீட்டில் சாப்பாட்டைத் தொடவில்லை.

புரோகிராம் எழுதுவதை விட்டுவிட்டார். எல்லா இடங்களிலிருந்தும் தன் அலமாரியைக் கழற்றினார். துணிக்கடையில் படங்கள் மறுபடி வரிவரியாக இறங்கின. முதலாளி திட்டித் தீர்த்துவிட்டு, பாவம் பார்த்து அவரை மாடியில் துணி எடுத்துப் போடும் வேலைக்கு வைத்துக்கொண்டார். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் சித்தப்பா அந்தக் கட்டை இறக்கி, முழுசாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே கொடுப்பார். சற்றுமுன் கொடுத்த அதே துணியாக இருந்தாலும் மறுபடி பிரிப்பார். கீழே ஆட்கள் காத்திருப்பார்கள். “அங்க என்னய்யா, நெசவா நடக்குது?” என்று கடைப் பையன்கள் கத்துவார்கள். கடையில் இப்போது யாரும் அவரை மின்னல் என்று கூப்பிடுவதில்லை. எந்தப் பெயரைச் சொல்லியும் கூப்பிடுவதில்லை.

ஒரு காலையில் அம்மா, “அந்த வில்லை எங்க இருக்கும்?” என்று கேட்டார்.

சித்தப்பாவுக்கு முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஏதோ அசைந்தது. செய்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது. புதைப்பதற்கு முன் வில்லைகளைக் கழற்றிக் கிடங்குக்கே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் சந்தைக்குப் போனோம். கிடங்கின் கனத்த கதவு திறந்தபோதெல்லாம் குளிர் காலில் வந்து விழுந்தது. கிடங்கு மேஸ்திரி கம்பளித் தொப்பி போட்டிருந்தார்.

“நாப்பத்தொண்ணா? உள்ள முட்டைக்கோஸ்ல இருக்கும். என்னத்துக்குங்க?”

சித்தப்பா சொன்னார். மேஸ்திரி உள்ளே போய் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முட்டைக்கோஸ்களின் மேல் பனி படர்ந்திருந்தது. பெட்டியின் காதில் கம்பி கோத்து அந்த வில்லை தொங்கியது. படத்தில் இருந்ததேதான், ஓரத்தில் அதே நசுங்கல். மேஸ்திரி இடுக்கியால் கம்பியை நெம்பிக் கழற்றினார்.

“எடுத்துக்கங்கம்மா. நான் வேற ஒண்ணு அடிச்சுக்கறேன். முதலாளி கேட்டா நான் சொல்லிக்கறேன்.”

சித்தப்பா இரண்டு கையாலும் வாங்கி, சட்டையில் துடைத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கவில்லை. குனிந்து பார்த்தார். தொடாமலே பார்த்தார்.

“இவருக்கு முன்னாடி அந்தத் தாத்தா கழுத்துல இருந்துச்சு இல்ல?”

“ஆமா அண்ணி.”

“அவருக்கு முன்னாடி?”

“கோஸ்தாம்மா” என்றார் மேஸ்திரி மெதுவாக. “இல்லன்னா கேரட்டு.”

“இப்பவும் கோஸ்.” அம்மா நிமிர்ந்தார். “வேணாம் தம்பி. இது அவரு இல்ல. வெறும் நம்பர்.”

சித்தப்பா வில்லையை நீட்டியபடியே நின்றார். மேஸ்திரி அதை அவர் கையிலிருந்து எடுத்து மறுபடி பெட்டியில் கோத்தார். பெட்டி உள்ளே போனது. கதவு மூடியது.

திரும்பும்போது அம்மா முன்னால் நடந்தார். நான் நடுவில். சித்தப்பா பின்னால், செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. வீட்டு வாசலில் அம்மா பூட்டைத் திறந்தார். சித்தப்பா எப்போதும்போல வாசற்படிக்குக் கீழே நின்றார். சாப்பாட்டு நேரம்தான். அம்மா உள்ளே போனார். கொடியில் கிடந்த அப்பாவின் சட்டைகளை எடுத்து மடிக்காமல் கையில் அள்ளிக்கொண்டு, அடுப்படியைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. மறந்திருக்கலாம் என்று நினைத்து நான் வாயெடுத்தேன். சித்தப்பா தலையை அசைத்து வேண்டாம் என்றார். ஆனாலும் போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்தபடி, ரொம்ப நேரம் காத்துக்கொண்டு நின்றார்.